வென்டிலேட்டர் எத்தனை இருக்கு என்பது கேள்வியே இல்லை!

"வென்டிலேட்டர்ல போட்டுட்டாங்களாம்."

திருச்சியில் இந்த வாக்கியத்தை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையானாலும் சரி, ஸ்ரீரங்கம் சித்திரை வீதித் திண்ணையானாலும் சரி, குரல் தானாகவே இறங்கிவிடும். கேட்பவரும் "அடடா..." என்பார். கதை முடிந்த மாதிரிதான். வென்டிலேட்டர் என்றால் எமனுக்கு வைத்த பத்திரிகை என்று ஊர் முடிவு கட்டி ரொம்ப நாளாகிறது.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. அவர்களுக்கு வென்டிலேட்டர் என்றாலே மோசடி. 2002-இல் வந்த 'ரமணா' படத்தில், இறந்துபோன ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனை சிகிச்சை நடத்தி பில் போடும். தமிழ்நாட்டின் பாதி ஜனத்தொகைக்கு தீவிர சிகிச்சை பற்றிய ஒரே பாடம் அந்தக் காட்சிதான்.

மூன்றாவது கோஷ்டி அதிகாரத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு வென்டிலேட்டர் என்றால் ஒரு எண். இத்தனை வாங்கினோம், இத்தனை கொடுத்தோம், இத்தனை படுக்கை திறந்தோம். ரிப்பன், கத்தரிக்கோல், போட்டோ.

மூன்று கோஷ்டியும் செய்வது ஒரே தப்பு. உயிர் பிழைப்பதும் சாவதும் அந்த மெஷினால்தான் என்று நம்புகிறார்கள். ஒருவருக்கு அது கொல்லும் மெஷின், இன்னொருவருக்கு ஏமாற்றும் மெஷின், மூன்றாமவருக்குக் காப்பாற்றும் மெஷின். வசதி குறைந்த ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் நோயாளி பிழைப்பாரா என்பதைத் தீர்மானிப்பது, அந்த மெஷினுக்குப் பக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு யார் நிற்கிறார்கள் என்பது. இதை மட்டும் யாரும் எண்ணுவதில்லை!

மெஷின் என்னதான் செய்கிறது?

வென்டிலேட்டர் எந்த நோயையும் குணப்படுத்தாது. காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, தொண்டை வழியாகப் போட்ட குழாய் மூலம் நுரையீரலுக்குள் தள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. அது வாங்கித் தருவது அவகாசம். அந்த அவகாசத்தில் மருந்தும் உடம்பும் தங்கள் வேலையைச் செய்ய வேண்டும்.

திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு (1997-இல் தொடங்கிய கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது) மணப்பாறை, துறையூர், முசிறி, லால்குடியிலிருந்தும், பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். வயலும் நெடுஞ்சாலையும் சூழ்ந்த பகுதி. இப்படிப்பட்ட ஊர்களில் மூச்சு நின்றுபோய் வருபவர்கள் எல்லோரும் எண்பது வயதுத் தாத்தாக்கள் இல்லை. பாம்பு கடித்தவர், பூச்சிமருந்து குடித்தவர், விபத்தில் அடிபட்டவர்... பெரும்பாலும் உழைக்கிற வயதில் இருப்பவர்கள்.

கட்டுவிரியன் கடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் துண்டித்துவிடுகிறது. இமை சரிகிறது, பிறகு நாக்கு, பிறகு மூச்சுத் தசைகள். நுரையீரலில் கோளாறு இல்லை, இதயத்தில் கோளாறு இல்லை. சில நாட்கள் வேறொன்று அவருக்காக மூச்சு விட்டால் போதும், நரம்பு முனைகள் தேறிவிடும். அவர் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போகலாம். "வென்டிலேட்டரில் போட்டால் அவ்வளவுதான்" என்ற வேதவாக்கு இங்கே சுத்தமாகப் பொய்.

பூச்சிமருந்து இன்னும் தந்திரமானது. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்தைக் குடித்தவர் அட்ரோபின் போட்டதும் தேறிவிட்டது போலத் தெரிவார். உறவினர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். ஆனால் முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் கழுத்தும் மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடக் கூடும். அந்த நேரத்தில் யாராவது பார்த்துக் கண்டுபிடித்தால் பிழைப்பார். யாரும் பார்க்காவிட்டால், ஆஸ்பத்திரிக்குள்ளேயே, படுக்கையிலேயே மூச்சு நின்றுவிடும்.

சரி, குழாய் போட்டாகிவிட்டது. அப்புறம்? அவரால் இரும முடியாது. சளியை சக்ஷன் போட்டு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் குழாய் அடைக்கும். அடைத்தால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். குழாயைச் சுற்றியுள்ள சின்னப் பலூனில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் புரட்ட வேண்டும். தூக்க மருந்து அதிகமாகவும் கூடாது, குறையவும் கூடாது; குறைந்தால் அவரே குழாயைப் பிடுங்கிவிடுவார். மெஷின் அலாரம் அடிக்கும்தான். ஆனால் அலாரத்துக்குக் கையும் காலும் கிடையாதே!

கோபன்ஹேகன், 1952

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்று பிறந்ததே இந்தப் பாடத்தில்தான்.

1952-இல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ வெடித்தது. பிளெக்டம் மருத்துவமனைக்குத் தினமும் மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் வந்து குவிந்தார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், மார்பின் மேல் மாட்டும் ஆறு கருவிகளும். முதல் வாரங்களில் இந்தக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

ஆகஸ்ட் 27 அன்று பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் அந்த மருத்துவமனை செய்ததுதான் விஷயம். மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டது. சுமார் 1,500 மாணவர்கள் மாறி மாறி உட்கார்ந்து, ராத்திரி பகலாகப் பையை அழுத்தினார்கள். மரண விகிதம் 87 சதவீதத்திலிருந்து சில மாதங்களில் பாதிக்கும் கீழே இறங்கியது.

கவனியுங்கள். புது மெஷின் எதுவும் வரவில்லை. வந்தது ஆட்கள். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள், 24 மணி நேரமும். மெஷினை நம்பியபோது நூற்றுக்கு எண்பத்தேழு பேர் போனார்கள். பக்கத்தில் ஆள் உட்கார்ந்தபோது பெரும்பாலானோர் பிழைத்தார்கள். 70 வருடத்துக்கு மேலாகியும் இந்த எளிய கணக்கு பட்ஜெட் போடுகிறவர்களுக்கு ஏறவில்லை.

ஒரு இஞ்ச் டேப்பின் விலை என்ன?

"அதெல்லாம் சரி, பணக்கார நாட்டு சிகிச்சை வேறு, நம்மூர் சிகிச்சை வேறு" என்று ஒரு வாதம் வரும். தீவிர சிகிச்சையில் உயிர்களைக் காப்பாற்றியதாக ஆய்வுகளில் நிரூபணமான விஷயங்களைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. அவற்றில் பல, அசிங்கமான அளவுக்கு மலிவானவை.

முதலாவது, காற்றின் அளவு. நுரையீரல் கெட்டுப்போனவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று தள்ள வேண்டும்? 2000-இல் அமெரிக்காவில் 861 பேரிடம் நடந்த ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மி.லி. கொடுத்தவர்களில் 31 சதவீதம். புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. ஒரு குமிழைத் திருப்பியதில் வந்த வித்தியாசம்!

இதில் ஒரு சூட்சுமம். அந்த 'எடை' தராசில் நிற்க வைத்துப் பார்க்கும் எடை அல்ல; உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. ஆள் குண்டானால் நுரையீரல் பெரிதாவதில்லை. 160 செ.மீ. உயர ஆணுக்கு அது சுமார் 57 கிலோ. அப்படியென்றால் ஒரு மூச்சுக்கு 340 மி.லி. அருகே. ஆக இதற்குத் தேவையான கருவி, தையல் கடையில் தொங்கும் இஞ்ச் டேப். அதோடு, படுத்திருப்பவரை அளந்து, கணக்குப் போட்டு, மெஷினில் மாற்றி, கேஸ் ஷீட்டில் எழுதும் ஒரு ஆள். டேப் கிடைத்துவிடும்...

இரண்டாவது, குப்புறப் படுக்க வைப்பது. கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்டது. 2013-இல் வெளியான ஆய்வு, 466 பேர். மல்லாந்தே கிடந்தவர்களில் 28 நாட்களுக்குள் 32.8 சதவீதம் பேர் இறந்தார்கள். தினமும் நீண்ட நேரம் குப்புறப் படுக்க வைத்தவர்களில் 16 சதவீதம். பாதி! செலவு? நாலு தலையணை. ஆனால் வாயில் குழாயும் கழுத்தில் ஊசியும் இருக்கிற ஆளைக் குழாய் நழுவாமல் திருப்ப நாலைந்து பயிற்சி பெற்ற கைகள் ஒரே நேரத்தில் வேண்டும்.

மூன்றாவது, தினமும் தூக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்ப்பது, தானாக மூச்சு விடுகிறாரா என்று சோதிப்பது. 2008-இல் 336 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் ஒரு வருடத்தில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கம் போல் நடத்தப்பட்டவர்களில் 58 சதவீதம். மருந்தை நிறுத்துவதற்குக் காசு செலவில்லை, மிச்சம்தான். ஆனால் விழித்து எழும் நோயாளி கலவரப்படுவார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

நான்காவது, தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது. வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகாமல் இருக்க. 1999-இல் பார்சிலோனாவில் 86 பேரிடம் பார்த்தபோது, மட்டமாகப் படுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா சந்தேகம். 45 டிகிரி உயர்த்தியவர்களில் 8 சதவீதம். ஆனால் 2006-இல் நெதர்லாந்தில் இதையே செய்யப் போனபோது பலன் தெரியவில்லை. ஏன்? 45 டிகிரி என்று எழுதி வைத்தார்களே தவிர, பெரும்பாலான நேரம் கட்டிலை அந்த உயரத்தில் வைத்திருக்கவே முடியவில்லை. நோயாளி சரிந்துகொண்டே இருப்பார், திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். நெதர்லாந்திலேயே அந்தக் கதி!

நாலையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பணத்தில் மலிவு. ஆட்களில் விலை அதிகம். இந்தியாவில் மெஷின் வாங்க நிதி ஒதுக்குவது சுலபம், ஆள் போட நிதி ஒதுக்குவது கஷ்டம். மெஷினுக்கு ஒரு தடவை பில் வரும், திறப்பு விழா நடத்தலாம். செவிலியருக்கு மாதாமாதம் சம்பளம், அப்புறம் பென்ஷன். திறப்பு விழாவும் கிடையாது.

50,000 மெஷின், எத்தனை கை?

2020 ஏப்ரலில் போட்ட ஒரு மதிப்பீட்டின்படி இந்தியாவில் அரசு, தனியார் எல்லாம் சேர்த்து இருந்தவை சுமார் 48,000 வென்டிலேட்டர்கள். அடுத்த மாதமே பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாயில் 50,000 வென்டிலேட்டர்கள் அறிவிக்கப்பட்டன. காகிதத்தில் பார்த்தால் நாட்டின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பு. நல்ல விஷயம்தான், யாரும் மறுக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து என்ன நடந்தது? 2021 மே மாதம், இரண்டாம் அலையின் நடுவில், மாநிலங்களுக்கு அனுப்பிய வென்டிலேட்டர்கள் நிறுவப்பட்டனவா, ஓடுகின்றனவா என்று உடனே தணிக்கை செய்யப் பிரதமரே உத்தரவிட வேண்டி வந்தது. சில இடங்களில் மெஷின் பழுது என்று புகார், சில இடங்களில் இயக்க ஆள் இல்லை. மெஷின் இரட்டிப்பானபோது அதன் பக்கத்தில் நிற்கும் கைகள் இரட்டிப்பாகவில்லை.

தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட மேல் என்று பெருமைப்பட நிறைய இருக்கிறது. 1990-களிலேயே தனி மருத்துவப் பணிகள் கழகம், 2008-இல் 108 ஆம்புலன்ஸ், 2021-இல் விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைத் திட்டம். எல்லாம் உண்மை. அதே தமிழ்நாட்டில்தான் 2017 நவம்பரில் எம்.ஆர்.பி. தேர்வில் வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்கள், 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எத்தனை வருடம் வேலை பார்ப்பது என்று கேட்டு சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதே தமிழ்நாட்டில்தான் கொரோனாவுக்காக 2020-இல் அவசர அவசரமாக எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி, 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நீட்டிக்கப்படாது என்று உத்தரவு வந்தது. மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது. வேறு திட்டத்தில், வேறு வேலை. கொரோனா வார்டில் மூச்சுத் திணறும் நோயாளியைப் பார்த்துப் பார்த்து அனுபவம் சேர்த்தவர்களை ஐ.சி.யூ.வில் தக்க வைத்துக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா?

கணக்கைப் பாருங்கள். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர், எந்த நிலையிலும் மூன்று நோயாளிக்கு இரண்டு செவிலியருக்குக் குறையக் கூடாது என்பது இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. பத்துப் படுக்கை என்றால் ஒரு ஷிஃப்டுக்குப் பத்துப் பேர். மூன்று ஷிஃப்ட், முப்பது பேர். வார விடுமுறை, நைட் டியூட்டி ஆஃப், பிரசவ விடுப்பு, உடம்பு சரியில்லை எல்லாம் சேர்த்தால் நாற்பது. பத்து மெஷின் வாங்குவதாக அறிவிப்பு வந்தால், நாற்பது பணியிடம் எங்கே என்று கேட்க வேண்டும். எந்தச் செய்தியாளர் கூட்டத்தில் யார் கேட்டிருக்கிறார்கள்?

செவிலியர் எண்ணிக்கை குறைந்தால் உயிர் போகும் என்பது வெறும் தர்க்கம் இல்லை. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஒரு செவிலியர் தலையில் கூடுதலாக ஒரு நோயாளி ஏறினால், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அது சாதாரண வார்டு. தானாக மூச்சு விடத் தெரிந்த நோயாளிகள். தானாக மூச்சே விட முடியாதவர்களின் கதையை யோசித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட்டும் காற்றும்

ஆள் இருந்தாலும் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். 2019 மே 7, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. மாலை மழை, மின்தடை, ஜெனரேட்டர் ஓடவில்லை. வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். மெஷின் நின்றதுதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். நோயின் தீவிரம்தான் காரணம் என்றது நிர்வாகம். 2021 மே மாதத் தொடக்கத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது என்றார்கள் ஒரு பக்கம். தட்டுப்பாடே இல்லை என்றார்கள் மறுபக்கம்.

இரண்டிலும் யார் சொன்னது சரி என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். மெஷின் எப்போது நின்றது, குழாயில் அழுத்தம் எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது, யார் கையால் பை அழுத்தினார்கள் என்று நிமிடக் கணக்கில் ஒரு பதிவு பொதுமக்கள் முன் இருந்திருந்தால் சண்டைக்கே இடம் இல்லை. ஜெனரேட்டரை வாரம் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க எலக்ட்ரீஷியன் வேண்டும். ஆக்சிஜன் அழுத்தத்தைப் பார்க்க ராத்திரி ஒரு ஆள் வேண்டும். திரும்பவும் ஆள்!

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே. அங்கே அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் மூச்சு நின்றுபோகும் நிலையில் இருக்கிறவருக்கு நீண்ட நாள் தீவிர சிகிச்சை என்றால் மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சத்திரம் பேருந்து நிலையம் எல்லாம் தாண்டிப் புத்தூருக்குத்தான் வர வேண்டும். அந்தப் பாலத்தையே பழுதுபார்க்க 2022 நவம்பரில் முழுசாக மூடி 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் கூடும் ஊர்.

வென்டிலேட்டர் நோயாளியின் பிழைப்பு ஐ.சி.யூ. வாசலில் தொடங்குவதில்லை. முதல் ஆஸ்பத்திரியில் யாராவது சரியாகக் குழாய் போட்டார்களா, ஆம்புலன்ஸில் வருகிற வழியில் மூச்சு சீராகக் கிடைத்ததா என்பதில் தொடங்குகிறது. மூளைக்கு ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடம் போனபின், புத்தூரில் உலகத்திலேயே சிறந்த மெஷின் இருந்து என்ன பயன்? தாலுகா மருத்துவமனைக்குக் கொடுக்க வேண்டிய முதல் பொருள் வென்டிலேட்டர் கூட இல்லை. மயக்க மருத்துவர், குழாய் போடத் தெரிந்த டியூட்டி டாக்டர், நோயாளியோடு கூடவே வண்டியில் ஏறும் செவிலியர்.

இந்த ஊருக்கு இது தெரியாததும் இல்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சன்னதி இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த ஆரோக்கியசாலையை கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்ததைச் சொல்லும் 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் உண்டு. அதற்கும் நானூறு வருடம் முன்னால், வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஒரு ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. அதில் படுக்கை எண்ணிக்கையோடு விட்டுவிடவில்லை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொண்டுவர ஆட்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், தண்ணீர் எடுக்க ஒருவர், ஒவ்வொருவருக்கும் நெல் எவ்வளவு... இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் வரை கணக்கு! சுமார் 950 வருடத்துக்கு முன் கல்லில் வெட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது, படுக்கை போட்டால் போதாது, ராத்திரிக்கு ஆளும் விளக்கும் வேண்டும் என்று. இன்றைய திறப்பு விழாக் கல்வெட்டில் என்ன இருக்கும்? திறந்து வைத்தவர் பெயர்.

எத்தனை பேர் பிழைக்கிறார்கள்? சொல்லுங்கள்!

வென்டிலேட்டரைப் பற்றிய பயம் பரவுவதற்கு ஒரு காரணம், உண்மையான எண் யாரிடமும் இல்லாதது. எண் இல்லாத இடத்தில் வதந்தி உட்கார்ந்துகொள்ளும்.

அரைகுறை எண் இன்னும் ஆபத்து. 2020 ஏப்ரலில் நியூயார்க் பகுதி மருத்துவமனைகளிலிருந்து ஒரு அறிக்கை வந்தது. வென்டிலேட்டரில் போட்ட கொரோனா நோயாளிகளில் 88 சதவீதம் பேர் மரணம் என்று உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அலறின. உண்மை என்ன? வென்டிலேட்டர் போடப்பட்டவர்கள் 1,151 பேர். 282 பேர் இறந்தார்கள், 38 பேர் வீடு திரும்பினார்கள். மீதி 831 பேர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்! அவர்களை விட்டுவிட்டு, முடிவு தெரிந்த 320 பேரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அந்த 88. பிறகு திருத்தம் வந்தது. திருத்தம் வாட்ஸப்பில் சுற்றவில்லை.

உள்ளூரில் இதற்கு நேர் எதிரான ஓட்டை உண்டு. "இனிமேல் எங்களால் முடியாது, வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்" என்று உறவினர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸில் ஊருக்குப் போகிறார் நோயாளி. வாசல் திண்ணையில் பை நிற்கிறது, மூச்சும் நிற்கிறது. ஆஸ்பத்திரி ஏட்டில் அது மரணம் இல்லை, 'ஏ.எம்.ஏ.' இப்படிப் போனவர்களை எந்தப் பக்கம் சேர்க்கிறார்கள் என்று சொல்லாத எந்தப் பிழைப்பு விகிதமும் நம்பத் தகுந்ததில்லை.

"எண்ணை வெளியிட்டால் அரசு ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் வரும், மோசமான நோயாளிகள்தானே கடைசியில் அங்கே வருகிறார்கள்" என்பார்கள். நியாயமான கவலை. தனியாரில் லட்சங்களைத் தீர்த்துவிட்டு, கடைசி நாளில் பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடப்படுகிறவர்களையும் அதே ஏட்டில்தான் எழுத வேண்டும். ஆனால் இதற்கும் எப்போதோ வழி கண்டுபிடித்தாயிற்று. வரும்போது நோயாளி எவ்வளவு மோசமாக இருந்தார் என்று மதிப்பெண் போட்டு, அந்த நிலையில் எதிர்பார்க்கும் மரணத்தோடு நடந்த மரணத்தை ஒப்பிடுவார்கள். பிரிட்டனில் 1994 முதல் இந்தக் கணக்கு நடக்கிறது. அது பணக்கார நாடு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. இலங்கையில் அரசு மருத்துவமனைகளின் ஐ.சி.யூ.க்களை இணைத்து மின்னணுப் பதிவேடு கொண்டுவந்துவிட்டார்கள். இந்தியாவிலும் 2019-இல் சென்னையை மையமாக வைத்து அப்படி ஒன்று தொடங்கியது. கல்லணைக்கு அப்பால், கடல் தாண்டி ஒரு சின்ன நாடு செய்வதைத் திருச்சி செய்ய முடியாதா?

அரசு மருத்துவர்களைத் திட்டுவதற்காக இதையெல்லாம் சொல்வதாக யாராவது நினைத்தால், தலைகீழாகப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாலு பேர் வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் உறவினர்களிடம் அடியும் வாங்குகிற டியூட்டி டாக்டருக்கும் ஸ்டாஃப் நர்ஸுக்கும் இந்த எண்கள்தான் கேடயம். "இத்தனை நோயாளிக்கு இத்தனை பேர்தான் இருந்தோம்" என்று ஏட்டில் இருந்தால், அடி யாருக்கு விழ வேண்டுமோ அவருக்கு விழும்.

கேட்க வேண்டியவை

1. ஒவ்வொரு அரசு ஐ.சி.யூ. வாசலிலும் ஒரு பலகை: இன்று வென்டிலேட்டரில் எத்தனை பேர், இந்த ஷிஃப்டில் செவிலியர் எத்தனை பேர்.

2. புது வென்டிலேட்டர் அறிவிக்கும் ஒவ்வொரு அரசாணையிலும் அதற்கான நிரந்தரப் பணியிடங்களும் சேர்ந்தே வர வேண்டும். பணியிடம் இல்லாத மெஷின், பெட்டியிலேயே இருக்கப் போகிற மெஷின்.

3. மாதம் ஒரு முறை கணக்கு: எத்தனை பேர் வென்டிலேட்டரில் போடப்பட்டார்கள், எத்தனை பேர் உயிரோடு இறங்கினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேரை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். எந்த நோய்க்கு என்று பிரித்து.

4. ஜெனரேட்டர், ஆக்சிஜன் அழுத்தம் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்ட தினசரிப் பதிவு. மெஷின் பழுதானால் அன்றே வந்து பார்க்கும் பயோமெடிக்கல் இன்ஜினியர்.

5. ஸ்ரீரங்கம், லால்குடி, முசிறி மாதிரி ஊர்களில் நோயாளியை நிலைப்படுத்தி அனுப்பத் தெரிந்த ஆட்கள், 24 மணி நேரமும்.

இதில் எதற்கும் ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. சம்பளம் தேவை. மாதாமாதம், நிரந்தரமாக.

எங்கேயாவது புது வென்டிலேட்டர் திறப்பு விழா என்று போஸ்டர் பார்த்தால், மெஷின் எத்தனை என்று கேட்காதீர்கள். அது போஸ்டரிலேயே பெரிய எழுத்தில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அதன் பக்கத்தில் யார் நிற்பார்கள், அவர்கள் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும் வரை கேளுங்கள்.